பிகினி: ஒரு கணக்கெடுப்பை வாசித்தல்

அணுகுண்டு வெடித்த கடலில் முருகைக்கல் தழைக்கிறது என்ற செய்தி இடைக்கிடை வரும். அதன் மூலத்தைத் தேடினோம். சோயி ரிச்சார்ட்ஸ் முதலிய நால்வர் 2008 இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை அது.

மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த பிகினியில் 1946 முதல் 1958 வரை ஐக்கிய அமெரிக்கா 23 அணுகுண்டுகளை வெடித்தது. 1954 மார்ச் 1 இல் வெடித்த 'பிராவோ' மட்டும் 15 மெகாதொன். ஹிரோஷிமாவில் போட்டதைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. 2002 இல் அங்கே சுழியோடிய ஆய்வாளர்கள் 183 முருகைக்கல் இனங்களைக் கண்டார்கள். செய்தி இதோடு முடிந்துவிடுகிறது. கட்டுரை முடியவில்லை. முன்பிருந்த 42 இனங்களைக் காணவில்லை. பெயர்க்குழப்பம், போதாத தேடல் என்று 14 ஐக் கழித்தாலும் 28 உண்மையான இழப்பாகவே தெரிகின்றன என்கிறார்கள். அவற்றில் 16 கடல்நீரேரியில் மட்டுமே வாழ்பவை. தம் மகிழ்ச்சியைத் தாமே கழித்துப் பார்க்கும் இந்த நேர்மை எமக்குப் பிடித்திருந்தது.

உறுத்துவது தலைப்பிலுள்ள 'மீள்திறன்' என்ற சொல். முருகைக்கல்லுக்கு அது பொருந்தலாம். வாசிப்பவரோ தீவே மீண்டுவிட்டதாக எடுத்துக்கொள்கிறார். அயலிலுள்ள ரொங்கலப்பிலிருந்து குடம்பிகள் மிதந்து வந்து பிகினியை நிரப்பியிருக்கலாம் என்கிறது கட்டுரை. ரொங்கலப் மக்களோ, பிராவோவின் சாம்பல் தலையில் கொட்டியபின் வெளியேற்றப்பட்டு, 1957 இல் திரும்பி, 1985 இல் கிறீன்பீஸ் கப்பலேறி மறுபடியும் ஊரை விட்டவர்கள்.

பிகினியின் 167 பேரை 1946 மார்ச்சில் ரொங்கரிக்குக்கு ஏற்றினார்கள். அங்கே பட்டினி. 1948 இல் கிலி. 1968 இல் பிகினி பாதுகாப்பானது என்று அறிவித்தார்கள். நம்பித் திரும்பியவர்களை 1978 இல் மறுபடி ஏற்றினார்கள். பொட்டாசியம் குறைந்த அந்த மண்ணில் தென்னை சீசியம்-137 ஐ உறிஞ்சி, தேங்காய்க்குள் வைத்திருந்தது. தேங்காய்ப்பால் விடாத கறியை அறியாத எமக்கு இவ்விடத்தில் வாசிப்பு சற்று நின்றுபோயிற்று.

இன்னொன்று. 1946 இல் முருகைக்கற்களையும் மீன்களையும் சேகரித்த விஞ்ஞானிகள் குண்டு வெடிக்க வந்த படையணியோடுதான் வந்தார்கள். இழந்தது எவ்வளவென்று இன்று சொல்ல முடிவது, அழித்தவர்களின் குறிப்பேட்டைக் கொண்டுதான்.

ஒரு கடல் உயிரியற் கட்டுரையிடம் இத்தனையும் எதிர்பார்க்கலாமா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கட்டுரையாளரைவிட அதை எடுத்தெழுதுவோரிடமே கேட்கிறோம். கிலித்தீவுக்குக் கடல்நீரேரி இல்லை. வருடத்தில் பல மாதங்கள் மீன்பிடிக்க இறங்கமுடியாத கடல். அந்த 16 கடல்நீரேரி இனங்களின் பக்கத்தில் இதையும் ஒரு வரி எழுதலாம்.