பலாலி: ஒரு பலகையும் பிற பலகைகளும்

2019 அக்டோபர் 17 அன்று யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டபோது சண்டை வந்தது பெயர்ப்பலகையை முன்வைத்து. தமிழ் மேலே, சிங்களம் அதற்கடுத்து, ஆங்கிலம் கடைசியில். தெற்கில் சிலர் கொதித்தார்கள். இங்கே நம்ம ஆட்கள் புளகாங்கிதம் அடைந்தார்கள். நானும்தான். தமிழ் எம்.ஏ. படித்தவர்களுக்கே உரிய வியாதி இது; எந்த எழுத்து எங்கே நிற்கிறது என்று பார்ப்போமே ஒழிய, பலகையை யாருடைய மண்ணில் நட்டிருக்கிறார்கள் என்று கேட்க மாட்டோம்.

பெயரில் பலாலி இல்லை என்பதைக்கூட நாம் கவனிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படைக்காக ஓடுதளம் போட்ட காலத்திலிருந்து சனங்கள் வாயில் அது பலாலிதான்.

படையும் சிவில் விமானங்களும் 'பகிர்ந்துகொள்ளும்' நிலையம் என்பது வழக்கமான வர்ணனை. பகிர்வு என்றதும் இரண்டு பேர்தான் கணக்கில் வருகிறார்கள். 1990-இல் பலாலி, மயிலிட்டி, வசாவிளான், தையிட்டி என்று வலிகாமம் வடக்கிலிருந்து கிளம்பிப்போன மூன்றாவது ஆள், காணிக்காரர், இந்தச் சொல்லாடலுக்குள் நுழையவே முடியாது. அவருடைய செம்மண் தோட்டம் உயர் பாதுகாப்பு வலயம் ஆனது. 2013-இல் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டினார்கள். உரிமையாளர்களை அடையாளம் காண முடியவில்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். உரிமையாளர்களில் எத்தனையோ பேர் மல்லாகம், சுன்னாகம் பக்கத்து முகாம்களில், சில மைல் தள்ளித்தான் இருந்தார்கள், 20 வருஷத்துக்கு மேலாக! அடையாளம் காண முடியாத அந்த மனிதர்களில் 2000-க்கும் அதிகமானோர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். என்னைக் கேட்டால், பெயர்ப்பலகையைவிட ஆயிரம் மடங்கு கவனமாக வாசிக்க வேண்டிய பிரதி அந்த அறிவித்தல்தான். பிற்பாடு கொஞ்சம் கொஞ்சமாகக் காணி 'விடுவிக்கப்பட்டது'. நிலம் என்ன குற்றம் செய்து உள்ளே இருந்ததோ. இந்தச் சொல்லை நாமும் கூச்சமின்றி எழுதுகிறோம்.

அரசின் சொற்களை மட்டும் கட்டுடைத்துவிட்டு நழுவ முடியாது. 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குக் கிளம்பிய லயன் ஏர் விமானம் மன்னார்ப் பக்கம் கடலில் விழுந்து 55 பேரும் செத்தார்கள். சுட்டது புலிகள் என்பதே பரவலாக ஏற்கப்பட்ட முடிவு. தரைவழி மூடிக்கிடந்த காலம். கொழும்புக்குப் போகக் கப்பலை விட்டால் விமானம்தான். பயணிகளில் பெரும்பாலோர் தமிழர். ஓடுதளம் படையினுடையது, ஆகவே அதில் ஏறியவரும் படை என்று ஒரு வாசிப்பு அங்கே நடந்திருக்கிறது. 'மற்றமை' பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய நம் பத்திரிகைகளில் இதுகுறித்து ஒரு கட்டுரை வந்து நான் பார்த்ததில்லை. வந்திருந்தால் யாராவது காட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

பலாலி–வசாவிளான் வீதி சுமார் 35 வருஷத்துக்குப் பிறகு 2025 ஏப்ரல் 10 அன்று திறந்தது. அங்கேயும் பலகை வைத்தார்கள். காலை 6 மணியிலிருந்து மாலை 5 மணி வரை போகலாம் என்றது அது. வண்டியை நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, நடந்து போகக் கூடாது என்றும் சொன்னது. இந்தப் பலகையில் எந்த மொழி மேலே என்று நம்மில் ஒருத்தரும் விசாரிக்கவில்லை. சொந்தக் காணியை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போக முடிந்தது. இறங்க முடியவில்லை.