குவளையும் குலமும்

“இலக்கியம் பேசும் ஏட்டில் வடைக்கடைக்கு விமரிசனமா?” என்று நண்பர் ஒருவர் நகைத்தார். ஆம், வடைக்கடைக்குத்தான்! காவியத்தை ஆராயலாம், கலைக்கூடத்தை ஆராயலாம், கோபுரத்தின் உயரத்தை அளந்து ஆயிரம் பக்கம் எழுதலாம். உழைப்பவன் நாள்தோறும் இருமுறை உட்கார்ந்து எழும் பெஞ்சியை மட்டும் ஆராயலாகாது என்று எந்தச் சட்டம் சொல்கிறது? நூலைப் படிப்போர் நூறு பேர். கடையில் கூடுவோர் ஊரார் அனைவரும். ஊர் கூடும் இடத்தில் ஊரின் உள்ளம் தெரிகிறது. அந்த உள்ளத்தைப் படித்துப் பார்ப்பதும் திறனாய்வே அன்றோ?

வாருங்கள் தோழர்களே, சாணார்பட்டிக்குச் செல்வோம்.

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் செல்லும் நெடுஞ்சாலையில், சிறுமலைத் தொடரைக் கண்ணுக்கு எட்டும் தொலைவில் கொண்டு கிடக்கும் ஊர் அது. மாலை ஐந்து மணி. சாலையோரம் ஒரு தகரக் கொட்டகை. முன்னே மண் பூசிய அடுப்பு. அதன்மேல் அகன்ற வாணலி. எண்ணெயில் ஆமவடை மிதக்கிறது. அருகில் வாழைக்காய் பஜ்ஜி பொன்னிறம் கொள்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் உளுந்தவடையும் போண்டாவும் அடுக்கியிருக்கின்றன. கயிற்றில் கட்டிய பையில் பன் தொங்குகிறது. அடுப்படியில் நிற்பவர் நடுத்தர வயதுப் பெண்மணி. தேநீர் ஆற்றுபவர் அவருடைய கணவர். பெஞ்சி இரண்டு. பலகையின் நிறம் போய்ப் பல்லாண்டு ஆகிறது.

“அக்கா, ரெண்டு வடை. சட்னி கொஞ்சம் கூட ஊத்துங்க.”

“தம்பி, சூடா வருது, ஒரு நிமிசம் பொறுங்க.”

அந்த ஒரு நிமிடத்தில் நாம் பெஞ்சியைப் பார்த்தோம். சுண்ணாம்புக் கறை படிந்த காலோடு கொத்தனார் ஒருவர். அவர் தோளில் தோள் உரச, ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்த எழுத்தர். அடுத்து ஆட்டோ ஓட்டுபவர். அவருக்கு அப்பால், தாடி வைத்த தையற்காரர். கடைசியில் கல்லூரிப் பையோடு ஓர் இளைஞன். ஒருவர் குடித்து வைத்த கண்ணாடிக் குவளை கழுவப்பட்டு மற்றவர் கைக்குப் போகிறது. யாரும் யாரையும் “நீ யார்?” என்று கேட்கவில்லை. இருபது ரூபாய்க்குள் மாலைப் பசி அடங்குகிறது. வடையைச் சுவைத்தோம். மேலே மொறுமொறுப்பு, உள்ளே மென்மை, இடையிடையே சோம்பு மணம். குறை சொல்லித்தான் தீரவேண்டுமெனில், சட்னியில் தேங்காயைவிடத் தண்ணீர் மிகுதி. தேநீரில் தேயிலையைவிடச் சர்க்கரை மிகுதி. இதற்குமேல் நாவுக்குரிய விமரிசனம் இல்லை.

நாம் வியந்தது வடையை அன்று, அந்தப் பெஞ்சியை! அதன்மீது ஐவர் அருகருகே அமர்வது இன்று இயல்பாகத் தோன்றுகிறது. இயல்பாகத் தோன்றும் இந்தக் காட்சிக்கு எத்தனை பேர் விலை கொடுத்தார்கள் என்பதை இன்றைய இளைஞர் எத்தனை பேர் அறிவர்?

சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தை எண்ணிப் பாருங்கள். நாட்டு விடுதலைக்குத் தொண்டர்களை வளர்ப்பதாகச் சொன்ன இடம். காங்கிரசின் பணமும் பெற்ற இடம். அங்கே பார்ப்பனச் சிறுவருக்குத் தனிப் பந்தி, மற்றவருக்கு வேறு பந்தி! 1924, 1925 ஆண்டுகளில் பெரியாரும் டாக்டர் வரதராசுலு நாயுடுவும் எழுப்பிய கண்டனக் குரல் தமிழகத்தையே உலுக்கிற்று. சிறுவர் உண்ணும் இலையில் தொடங்கிய கேள்வி, ஒரு மாபெரும் இயக்கத்தின் கேள்வியாக வளர்ந்தது.

புகைவண்டி நிலையங்களுக்குச் சென்றால், அங்கும் அதே கதை. ஒரே வண்டி, ஒரே சீட்டு, ஒரே கட்டணம். சிற்றுண்டிச் சாலையில் மட்டும் “பிராமணாள்” என்றோர் அறை, “இதராள்” என்றோர் அறை! அந்தப் பலகை இறங்குவதற்கு 1941 வரை போராட வேண்டியிருந்தது. நாடு விடுதலை பெற்றது. 1950-இல் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கடைகளிலும் உணவு விடுதிகளிலும் நுழைவதற்குச் சாதி தடையாகாது என 15-ஆம் பிரிவு கூறிற்று. தீண்டாமை ஒழிக்கப்பட்டது என 17-ஆம் பிரிவு அறிவித்தது. ஆயினும் 1957-இல் கூட, சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் உணவு விடுதியின் பெயர்ப் பலகையிலிருந்து “பிராமணாள்” என்ற சொல்லை நீக்க, பெரியாரின் தொண்டர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்து சிறை செல்ல நேர்ந்தது. ஒரு சொல்! அதை அழிக்க எத்தனை சிறைவாசம்!

நம் மாவட்டத்து வரலாறும் இதில் உண்டு. சாணார்பட்டி என்னும் பெயரே ஒரு பாடம். தென்னாட்டில் தெருவும் கோயிலும் மறுக்கப்பட்ட ஒரு மக்கட் கூட்டத்தின் பழம் பெயரை இந்த ஊர் தாங்கி நிற்கிறது. அந்த மக்கள் வணிகத்தாலும் கல்வியாலும் தலை நிமிர்ந்து, 1921-இல் அரசாங்கப் பதிவேடுகளில் தம் பெயரையே மாற்றச் செய்தனர். அவர்களுள் ஒருவரே பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்தபோது, ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் பேருந்துகளுக்கு எதிராக ஆணையிட்டவர் அவர். 1929-இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. தாம் ஏறிய ஏணியைப் பின்வருவோர் ஏறாதபடி இழுத்துக்கொள்ளாமல், கீழே இறக்கிப் பிடித்தார். ஏறியவர்கள் அனைவரும் அவ்வாறு செய்திருந்தால், இக்கட்டுரையை நாம் இங்கேயே முடித்திருக்கலாம்.

கடல் கடந்தும் சற்றுப் பார்ப்போம். வியட்நாமில் ‘பான் மீ’ என்றோர் உணவு. கோதுமை விளையாத அந்த நாட்டுக்கு நீண்ட ரொட்டியைக் கொண்டு சென்றவர் பிரெஞ்சு ஆட்சியாளர். அது ஆள்வோரின் மேசையில் இருந்தது. ஆளப்பட்டவர் அதை வாங்கித் தெருவுக்குக் கொண்டுவந்தார். ஊறவைத்த கேரட்டும் முள்ளங்கியும் மல்லித் தழையும் மிளகாயும் இறைச்சியும் வைத்து, கையில் எடுத்துச் செல்லும் ஏழையின் உணவாக்கினார். 1954-இல் நாடு பிளவுபட்டபின் வடக்கிலிருந்து சைகோனுக்குக் குடிபெயர்ந்தவர்கள் அதைப் பரப்பினர். 2011-இல் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியே அச்சொல்லுக்கு இடம் தந்தது. நம் பெஞ்சியின் கதையும் அஃதே. தேயிலை சீனத்தில் தோன்றி வெள்ளையர் வழி வந்தது. மிளகாயும் உருளைக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்துச் செல்வம். போர்த்துகீசியர் வந்த பிறகே நாம் அவற்றை அறிந்தோம். “கலப்பில்லாத பழமை” என்று முழங்கும் வைதிகரே, உமது மசாலா போண்டாவைப் பிட்டுப் பாரும்! உள்ளே உலகம் இருக்கிறது. நம் தட்டில் இருப்பவற்றுள் பல, கப்பலில் வந்தவை. தீட்டு ஒன்றுதான் உள்நாட்டுச் சரக்கு.

இன்னொரு பெஞ்சியும் நம் நினைவுக்கு வருகிறது. 1960 பிப்ரவரி 1-ஆம் நாள். அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தின் கிரீன்ஸ்பரோ நகரம். கறுப்பினக் கல்லூரி மாணவர் நால்வர் உல்வொர்த் கடைக்குள் சென்று சில பொருள்கள் வாங்கினர். காசை வாங்கிக்கொண்டது கடை. பிறகு அதே கடையின் சிற்றுண்டி மேடையில் அமர்ந்து காப்பி கேட்டனர். மறுத்தது கடை! அவர்கள் கத்தவில்லை, கல்லெறியவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. கடை மூடும்வரை உட்கார்ந்திருந்தனர். மறுநாள் மேலும் பலர் வந்தனர். போராட்டம் ஊர் ஊராகப் பரவிற்று. ஜூலை 25-ஆம் நாள் அந்த மேடையில் கறுப்பருக்கும் உணவு பரிமாறப்பட்டது. உலகை மாற்ற ஒரு கோப்பைக் காப்பி கேட்டால் போதும். கிடைக்கும்வரை எழுந்திராத உறுதி மட்டும் வேண்டும்.

இனி, நம் கடைகளின் குறைகளைச் சொல்வோம். பாராட்டு மட்டும் பாடுவது புலவர்க்கு அழகாயிருக்கலாம், திறனாய்வாளனுக்கு அழகன்று.

முதற்குறை, குவளை. நாம் சென்ற வேறோர் ஊரின் கடை ஒன்றில் (ஊர்ப் பெயரும் கடைப் பெயரும் வேண்டா) முன்பு இரட்டைக் குவளை இருந்ததாம். இப்போது இல்லையாம். “நாங்கெல்லாம் திருந்திட்டோம் சார்” என்றார் கடைக்காரர். மகிழ்ந்தோம். சற்று நேரம் அமர்ந்து கவனித்தோம். சிலருக்குக் கண்ணாடிக் குவளை. சிலருக்குக் காகிதக் குவளை! கேட்டால், “அவுகளே அப்படித்தான் கேப்பாக” என்கிறார். பழைய தீண்டாமை தனிக் குவளையைத் தனி ஆணியில் மாட்டிற்று. புதிய தீண்டாமை குவளையைக் கசக்கிக் குப்பையில் எறிகிறது. சான்றும் அதோடு போயிற்று! எவ்வளவு நாகரிகம்! 1955-ஆம் ஆண்டுச் சட்டம் ஆணியில் மாட்டிய குவளையைக் கண்டுபிடித்துவிடும். குப்பையில் கிடக்கும் காகிதத்தை எப்படிப் பிடிக்கும்? வேடிக்கை என்னவென்றால், 2019 சனவரி முதல் தமிழகத்தில் தடை செய்யப்பட்ட பொருள்களுள், உள்ளே பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளையும் ஒன்று. மண்ணைக் காக்க வந்த ஆணை மனிதனையும் காத்திருக்கும், அதை நாம் மதித்திருந்தால்!

இரண்டாம் குறை, குவளை கழுவும் கை. நாம் ஆசிரியத் தொழில் புரிபவர். ஆகவே இதனைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. வருகைப் பதிவேட்டில் தொடர்ந்து நான்கு நாள் வராதவன் எனக் குறிக்கப்பட்ட மாணவன் ஒருவனை, ஐந்தாம் நாள் ஒரு கடையின் பின்புறம் கண்டோம். கையில் சாம்பல், முன்னே குவளைகள். நம்மைக் கண்டதும் எழுந்து, ஈரக் கையைக் கட்டிக்கொண்டு, “வணக்கம் சார்” என்றான். அந்த வணக்கம் நம்மைச் சுட்டது. தேநீர்க் கடைகளில் சிறுவரை வேலைக்கு வைப்பது 2006 அக்டோபர் முதல் குற்றம். 2016-ஆம் ஆண்டுத் திருத்தம், பதினான்கு வயதுக்கு உட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்கிறது. 1920-இல் சென்னை ஆயிரம் விளக்குப் பள்ளியில் நீதிக்கட்சியார் இட்ட பகலுணவு, 1956-இல் காமராசர் இட்ட மதிய உணவு, 1982-இல் விரிந்த சத்துணவு, 2022-இல் தொடங்கிய காலையுணவு என நூறாண்டாக இந்த நாடு பள்ளியில் இலை போட்டது எதற்காக? பசி, பிள்ளையைக் கடைக்கு இழுத்துச் செல்லாதிருக்க! அவன் தந்தையிடம் பேசினோம், கடைக்காரரிடமும் பேசினோம். பையன் இப்போது வகுப்பில் இருக்கிறான். ஆனால் அந்த நான்கு நாள், நாமும் அதே சாலையில் வேறொரு கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோமே! குவளையைக் கழுவியவர் யாரென்று ஒரு நாளாவது எட்டிப் பார்த்தோமா?

மூன்றாம் குறை நம்முடையது, ஆகவே கசக்கும். சாணார்பட்டிப் பெஞ்சியில் ஐவர் இருந்தனர் என்றோமே, அவர்களுள் பெண் எத்தனை பேர்? ஒருவரும் இல்லை. மாவரைத்தவர் பெண், அடுப்பில் வெந்தவர் பெண். பெஞ்சி மட்டும் ஆண்களுக்கு! களையெடுத்துத் திரும்பிய மகளிர் நால்வர் அப்போதே வந்தனர். நின்றபடியே வடையைக் காகிதத்தில் கட்டி வாங்கினர். முந்தானையில் மறைத்துக்கொண்டு நடந்தனர். அவர்களை யாரும் விரட்டவில்லை. விரட்டத் தேவையும் இல்லை. வளர்ப்பிலேயே அந்தப் பலகை மாட்டப்பட்டுவிட்டது. “ஆண்கள்” “இதராள்” என்று எழுதாத பலகை! சாதிப் பலகையை இறக்கச் சிறை சென்றோர் வழிவந்த நாம், இந்தப் பலகையைக் கண்டும் காணாமல் தேநீர் பருகுகிறோம். பெண் ஏன் அடிமையானாள் என்று மேடையில் முழங்கும் தோழர், தம் தங்கையை என்றேனும் அந்தப் பெஞ்சிக்கு அழைத்து வந்ததுண்டா?

“கடைத் தீனி உடலுக்குக் கேடு, வீட்டில் உண்பதே நன்று” என்பர் சிலர். எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவது கேடுதான். மை படிந்த செய்தித்தாளில் வடையைப் பொதிவதும் கேடுதான். அவற்றைத் திருத்தச் சொல்லுங்கள். நாமும் உடன் சொல்வோம். ஆனால் விடியுமுன் வேலைக்குப் புறப்படுபவனுக்கும், இரு வேளை அடுப்பெரித்தபின் மூன்றாம் வேளையும் எரிக்க வலுவற்றவளுக்கும் அந்தக் கடை ஆடம்பரமன்று, துணை. “வீட்டில் உண்” என்று சொல்வோர், வீட்டில் சமைப்பவர் யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒரு காலத்தில் இத்தகைய கடைகளிலே இயக்க ஏடுகளை ஒருவர் உரக்கப் படிக்க, எழுத்தறியாதவர் சுற்றி நின்று கேட்டனர். வடையோடு வரலாறு விற்ற இடம் அது. இன்று எழுத்தறிந்த ஐவர், ஐந்து கைப்பேசிகளைக் குனிந்து பார்க்கின்றனர். தோள் உரசுகிறது, உள்ளம் உரசவில்லை.

எனவே, இளைஞர்காள்! பெரிய மாநாடு கூட்டச் சொல்லவில்லை. நாளை மாலை உங்கள் ஊர்க் கடைக்குச் செல்லுங்கள். தமக்கையோ தங்கையோ உடன் வரட்டும், பெஞ்சியில் அமரட்டும். காகிதக் குவளை ஒருவருக்கும் கண்ணாடிக் குவளை மற்றவருக்கும் நீளுமானால், “அண்ணே, எல்லாருக்கும் ஒண்ணாக் குடுங்க” என்று அமைதியாகச் சொல்லுங்கள். கொடுக்கும்வரை எழுந்திருக்க வேண்டா. கழுவுபவன் சிறுவனாயின், அவன் பெயரைக் கேளுங்கள். எந்தப் பள்ளி என்று கேளுங்கள். அந்தப் பள்ளிக்குச் செய்தி சொல்லுங்கள்.

சாணார்பட்டிக் கடையைப் பற்றிய நம் முடிவைச் சொல்லிவிடுகிறோம். வடை நன்று. குவளை ஒன்று. பெஞ்சி மட்டும் இன்னும் பாதிதான் நிரம்பியிருக்கிறது.