பிரிட்டிஷ் திகில் படப் பேழைகள்: மரபும் தரமும்

பிரிட்டனின் திகில் படங்களை, அவற்றைப் பெற்ற நாடே நெடுங்காலம் ஒதுக்கி வைத்திருந்தது. 1951இல் தணிக்கை வாரியம் சிறுவரை உள்ளே விடாத 'எக்ஸ்' சான்றிதழைக் கொண்டுவந்தது. 1960இல் 'பீப்பிங் டாம்' வெளிவந்தபோது விமர்சகர்கள் பொழிந்த வசையில், மைக்கேல் பவல் என்னும் பெரிய இயக்குநரின் தொழில்வாழ்வே பிரிட்டனில் சரிந்துபோனது. வீடியோ கேசட் வீடுகளுக்குள் வந்ததும் பத்திரிகைகள் கொதித்தெழுந்தன. 1984ஆம் ஆண்டுச் சட்டம் கேசட்டுகளையும் தணிக்கைக்கு உட்படுத்தியது. அதே நாட்டில் இன்று அந்தப் படங்கள் கெட்டி அட்டைப் பேழைகளில், ஆய்வுக் கட்டுரைகள் அடங்கிய நூலோடு வெளிவருகின்றன. காப்பகத்தாரும் சிறு நிறுவனங்களும், அவர்களைக் காசு கொடுத்துத் தாங்கிய சேகரிப்பாளர்களும் சேர்ந்து செய்த மாற்றம் இது. படத்தின் பாடத்தை, அதாவது அது எடுக்கப்பட்ட வடிவத்தை, எவ்வளவு நேர்மையாகத் தருகிறது என்பதே ஒரு பேழையின் தரம் என்பது என் துணிபு.

படங்களின் நான்கு வழிகள்

முதல் வழி ஹாமர் நிறுவனம். 1957இல் 'தி கர்ஸ் ஆஃப் ஃப்ராங்கன்ஸ்டைன்', 1958இல் 'டிராகுலா'. இரண்டுக்கும் இயக்குநர் டெரன்ஸ் ஃபிஷர். நடித்தவர்கள் பீட்டர் குஷிங், கிறிஸ்டோபர் லீ. தேம்ஸ் நதிக்கரையில் பிரே என்னும் இடத்தில், ஒரு பழைய மாளிகையையொட்டி அமைந்த சிறு ஸ்டுடியோ ஹாமருடையது. கையில் பணம் குறைவு. ஆனால் கலை இயக்குநர் பெர்னார்ட் ராபின்சன் ஒரே அரங்கை மாற்றி மாற்றி அமைத்துப் புதுப்புது இடமாக்கினார். ஜாக் ஆஷரின் ஒளிப்பதிவில் வண்ணம் கதை சொன்னது. 'டிராகுலா' என்ற பெயரின் மூன்று அசைகளையே சுரமாக்கினார் ஜேம்ஸ் பெர்னார்ட்.

இரண்டாவது அமிக்கஸ். மில்டன் சபாட்ஸ்கி, மேக்ஸ் ரோசன்பெர்க் என்ற இரு அமெரிக்கர்கள் ஷெப்பர்ட்டன் ஸ்டுடியோவில் நடத்திய நிறுவனம். ஒரு சட்டகக் கதைக்குள் நாலைந்து குறுங்கதைகளைக் கோப்பது இவர்கள் பாணி. 1945இல் ஈலிங் ஸ்டுடியோ எடுத்த 'டெட் ஆஃப் நைட்' அதற்கு முன்னோடி. 1965இல் வந்த 'டாக்டர் டெரர்ஸ் ஹவுஸ் ஆஃப் ஹாரர்ஸ்', 1972இல் வந்த 'டேல்ஸ் ஃப்ரம் தி கிரிப்ட்' ஆகியவை இவ்வழியின் நல்ல சான்றுகள்.

மூன்றாவது நாட்டார் திகில். கோட்டையும் வௌவாலும் இங்கே இல்லை. வயலும் ஊராரும் அவர்கள் நம்பிக்கையுமே அச்சம் தருகின்றன. 1968இல் 'விட்ச்ஃபைண்டர் ஜெனரல்' எடுத்த மைக்கேல் ரீவ்ஸ் அடுத்த ஆண்டே, 25 வயதில் மறைந்தார். 1971இல் 'பிளட் ஆன் சாத்தான்ஸ் கிளா', 1973இல் 'தி விக்கர் மேன்' என இவ்வழி உச்சம் தொட்டது.

நான்காவது தொலைக்காட்சி. 1971 முதல் லாரன்ஸ் கார்டன் கிளார்க் பிபிசிக்காகக் கிறிஸ்துமஸ்தோறும் எடுத்த பேய்க்கதைகள், எம். ஆர். ஜேம்ஸின் எழுத்தைக் காற்றடிக்கும் கடற்கரைகளுக்குக் கொண்டுபோயின.

பதிப்பாளர் மரபுகள்

இந்தப் படங்களை வட்டில் பதிப்பவர்களிடமும் தனித்தனி மரபுகள் உண்டு. பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டினுடையது காப்பக மரபு. பிபிசியின் கிறிஸ்துமஸ் பேய்க்கதைகளை 2012இல் டிவிடி பேழையாகவும், பிறகு புளூ-ரேயாகவும் கொண்டுவந்தது. கைவிடப்பட்டவற்றைக் கண்டெடுத்து ஒழுங்குபடுத்துவதே அதன் பலம்.

இண்டிகேட்டருடையது உரை மரபு. 2017 முதல் அது வெளியிட்ட ஹாமர் தொகுதிகளில், அதிகம் பேசப்படாத படங்களுக்கும் உரையாசிரியர்கள் கிடைத்தார்கள். மூன்றாம் தொகுதியில் 'தி ஸ்ட்ராங்லர்ஸ் ஆஃப் பாம்பே' இருக்கிறது. கம்பெனி ஆட்சிக்கால இந்தியாவில் வழிப்போக்கரைக் கொன்று கொள்ளையடித்த தக்கர்களைப் பற்றிய அந்தப் படத்தை நம் நாட்டவர் நெருடல் இல்லாமல் பார்க்க முடியாது. வெள்ளையர் கண்ணில் படிந்திருந்த கற்பிதம் காட்சிக்குக் காட்சி தெரிகிறது. இத்தகைய படத்தை வெட்டாமல் முழுதாகத் தந்து, அதன் காலத்தையும் பார்வையையும் விவாதிக்க இடம் தருவதே முறை.

ஆரோவுடையது அலங்கார மரபு. 1987இல் கிளைவ் பார்க்கர் எடுத்த 'ஹெல்ரெய்சரை'யும் அதன் இரு தொடர்ச்சிகளையும் 2015இல் 'ஸ்கார்லெட் பாக்ஸ்' என்ற பேழையாக, 200 பக்க நூலோடு வெளியிட்டது. ஓவியமும் கட்டமைப்பும் கண்ணைப் பறிப்பவை. உள்ளே இருந்தவையும் புதிதாக மீட்டெடுத்த படிகள்.

அமெரிக்க நிறுவனமான செவெரினுடையது களஞ்சிய மரபு. 2021இல் வந்த அதன் நாட்டார் திகில் பேழை பல நாட்டுப் படங்களை ஒன்றாக வைத்து, பிரிட்டிஷ் மரபுக்கு உலகில் உள்ள உறவுகளைக் காட்டியது. வண்ணத்தில் எடுக்கப்பட்டுக் கறுப்பு வெள்ளைப் படியாக மட்டுமே எஞ்சிய பிபிசி நாடகம் 'ராபின் ரெட்பிரெஸ்ட்' அதில் இடம்பெற்றது.

தர அளவுகோல்கள்

முதல் அளவுகோல் பாடம். 'தி விக்கர் மேன்' 1973இல் சுமார் 87 நிமிடமாகச் சுருக்கப்பட்டுத் திரைக்கு வந்தது. மூல நெகட்டிவ் காணாமற்போனது. ஹார்வர்ட் காப்பகத்தில் கிடைத்த ஒரு படியைக் கொண்டு 2013இல் 'ஃபைனல் கட்' உருவானது. நல்ல பதிப்பு திரையரங்கப் படி, இடைப்பட்ட படி, நீண்ட படி மூன்றையும் தருகிறது. எது சிறந்தது என்று முடிவெடுக்கும் உரிமையைப் பார்ப்பவரிடம் விடுகிறது. 96 நிமிடத்திலும் 82 நிமிடத்திலும் புழங்கிய 'நைட் ஆஃப் தி டீமன்' படத்துக்கும் 2018இல் இண்டிகேட்டர் அதையே செய்தது.

இரண்டாவது மூலம். 'டிராகுலா' பிரிட்டனில் தணிக்கையின் கத்தரிக்குத் தப்பவில்லை. வெட்டுப்பட்ட துண்டுகள் சில, டோக்கியோ திரைக் காப்பகத்தில் தீவிபத்தில் சேதமுற்ற ரீல்களில் இருந்தன. அவற்றைச் சேர்த்து 2013இல் வெளியிட்ட வட்டில், பழுதடைந்த அந்த ரீல்களையும் இருந்தபடியே தந்தார்கள். எதிலிருந்து எடுத்தோம் என்று காட்டும் இந்த நேர்மையை நான் எந்த அலங்காரத்துக்கும் மேலாக வைப்பேன்.

மூன்றாவது சட்டகமும் நிறமும். 'தி கர்ஸ் ஆஃப் ஃப்ராங்கன்ஸ்டைன்' எந்த அகலத்தில் காட்டப்பட வேண்டும் என்ற சர்ச்சை எழுந்தபோது, 2012ஆம் ஆண்டு பிரிட்டிஷ் பதிப்பு 1.37, 1.66 ஆகிய இரண்டு விகிதங்களையும் தந்தது. நிறத்தில் இவ்வளவு எளிய தீர்வு இல்லை. மீட்டெடுத்த 'டிராகுலா' நீலச்சாயலாக இருக்கிறது என்று ரசிகர்கள் பலர் குறைப்பட்டார்கள். ஆஷர் அமைத்த ஒளியைக் காதலிப்பவர்களுக்கு அது சிறு விஷயம் அல்ல.

நான்காவது உரை. உடன்பாடு, மறுப்பு இரண்டும் கொண்ட கட்டுரைகளும், படத்தில் உழைத்தவர்களின் நேர்காணல்களும் இருக்க வேண்டும். வெறும் புகழுரை தாள் செலவு. பெட்டியின் அழகை ஐந்தாவதாகக் கணக்கிடலாம்.

வாங்குவோர்க்கு

இந்தியாவிலிருந்து வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரிட்டிஷ் புளூ-ரே பெரும்பாலும் 'பி' மண்டலத்துக்குப் பூட்டப்பட்டது. இந்தியா 'சி' மண்டலம். எல்லா மண்டல வட்டும் ஓடும் பிளேயர் தேவை. 4கே வட்டுகளுக்கு அந்தத் தடை இல்லை.

வரம்பிட்ட பதிப்பு விற்றுத் தீர்ந்ததும் விலை ஏறுகிறது. சீல் உடைக்காமல் பூட்டி வைத்து, விலை ஏறியதும் விற்பவர்களும் இருக்கிறார்கள். அட்டைப்பெட்டி இல்லாத எளிய பதிப்பில் அதே மீட்டெடுப்பு கிடைக்குமானால் தயங்காமல் அதை வாங்கலாம். படத்தின் பாடம் இரண்டிலும் ஒன்றே. தணிக்கையும் அலட்சியமும் தீயும் குறைத்த படங்களை இத்தனை பேர் உழைத்து முழுமையாக்கியிருக்கிறார்கள். வாங்கியவர் பார்ப்பதும், பார்த்ததைப் பிறருக்குக் காட்டுவதும், பிழை கண்டால் பதிப்பாளருக்கு எழுதித் திருத்தம் கேட்பதுமே அந்த உழைப்புக்கு உரிய மரியாதை. அடுத்த பதிப்பு இதைவிடச் செம்மையாக வருவதற்கும் அதுவே வழி.