மார்கழி பிறந்தால்தான் மைதானம் காயும்

திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவுக்குக் குளிர்காலம் கம்பளியோடு வருவதில்லை. இங்கே மார்கழி விடியலிலும் வெப்பம் பெரும்பாலும் 22, 23 டிகிரியை ஒட்டியே இருக்கும். கரும்புக் கட்டும் மஞ்சள் குலையும் பனங்கிழங்கும் வந்திறங்கினால் தை நெருங்கிவிட்டது, அவ்வளவுதான் அடையாளம். குளிர்காலம் என்பதைவிட மழை ஓய்ந்த காலம் என்பதே சரி. இரண்டு பருவமழையும் நனைக்கும் இந்த ஊரில், துலாவர்ஷம் என்னும் வடகிழக்குப் பருவமழை விடைபெற்ற பிறகுதான் வானத்தைப் பார்க்காமல் கிரிக்கெட் பார்க்கலாம்.

கணக்கும் அதைத்தான் சொல்கிறது. 1984 அக்டோபர் 1 அன்று பல்கலைக்கழக மைதானத்தில் இந்தியா 175 ரன் எடுத்தது. ஆஸ்திரேலியா ஒரு விக்கெட்டுக்கு 29 என்றிருந்தபோது மழை ஆட்டத்தை முடித்துவைத்தது. 2017 நவம்பரில் காரியவட்டம் கிரீன்ஃபீல்டு மைதானத்தின் முதல் சர்வதேச ஆட்டமே அணிக்கு 8 ஓவராகச் சுருங்கியது. 2023 உலகக் கோப்பைக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்கள் இங்கே நான்கு: இரண்டில் ஒரு பந்துகூட விழவில்லை, ஒன்று பாதியில் நின்றது, மற்றொன்று டக்வொர்த் லூயிஸ் கணக்கில் தீர்ந்தது.

இனி குளிர்கால ஏடு. 1988 ஜனவரி 25, அதே பல்கலைக்கழக மைதானம். ஸ்ரீகாந்த் 101 அடித்தும் பலனில்லை. 239 ரன்னை மேற்கிந்தியத் தீவுகள் ஒரே விக்கெட்டை இழந்து எட்டியது. ஃபில் சிம்மன்ஸ் ஆட்டமிழக்காமல் 104.

2019 டிசம்பர் 8, கிரீன்ஃபீல்டு. இந்தியா 170. துரத்தி வந்த மேற்கிந்தியத் தீவுகளின் லெண்டல் சிம்மன்ஸ் ஆட்டமிழக்காமல் 67. அவர்களுக்கு வெற்றி 8 விக்கெட்டில். இவர் ஃபில்லின் அண்ணன்-தம்பி வழிப் பிள்ளை. சித்தப்பாவோ பெரியப்பாவோ, ஃபில்தான் அன்று அந்த அணியின் பயிற்சியாளர். இரவுப் பனியில் பந்து வழுக்கும் என்பது உண்மைதான். ஆனால் புவனேஷ்வர் குமாரின் ஒரே ஓவரில் வாஷிங்டன் சுந்தர் ஒரு கேட்ச்சையும் ரிஷப் பந்த் இன்னொன்றையும் விட்டார்கள். முதலாவதில் தப்பியவர் சிம்மன்ஸ். அந்தப் பழியைப் பனியின் தலையில் கட்ட முடியாது.

2023 ஜனவரி 15, இலங்கையுடனான ஒருநாள் ஆட்டம் தனிக்கதை. கோலி 110 பந்தில் ஆட்டமிழக்காமல் 166, எட்டு சிக்ஸர். கில் 116. இந்தியா 390. இரவில் பனி பேட்ஸ்மேனுக்கு உதவும் என்ற பாடமெல்லாம் களத்தில் நிற்பவனுக்குத்தான். இலங்கையை சிராஜ் நிற்கவே விடவில்லை. பத்து ஓவர், 32 ரன், நான்கு விக்கெட். போதாததற்கு, தானே வீசி தானே பந்தை எடுத்தெறிந்து கருணரத்னேயை ரன் அவுட்டாக்கினார். இலங்கை 22 ஓவரில் 73. வித்தியாசம் 317 ரன். ஒருநாள் கிரிக்கெட்டில் ரன் கணக்கில் அதுவரை இருந்த மிகப் பெரிய வெற்றி, 2008இல் அயர்லாந்துக்கு எதிராக நியூசிலாந்து பெற்ற 290.

இத்தனையையும் பார்க்கப் பாதிக்கூட்டம்தான் இருந்தது. ஒருநாள் கிரிக்கெட் செத்துக்கொண்டிருக்கிறதா என்று யுவராஜ் சிங்கே கேட்டார். டிக்கெட் மீதான வரி, சபரிமலை சீசன் என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. சாலைக் கடைத்தெருத் தமிழர்களைக் கேட்டால் நாள்காட்டியைக் காட்டியிருப்பார்கள்: அன்று பொங்கல்.

அட்டவணை போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். திருவனந்தபுரத்துக்கு டிசம்பரிலோ ஜனவரியிலோ ஆட்டம் கொடுங்கள். தை முதல் நாளை மட்டும் விட்டுவிடுங்கள்.