நாணயத்தில் ஒட்டிய மண் சாட்சி சொல்லுமா?

ஸ்பான்சியன் என்ற ரோமானியச் சக்கரவர்த்தியை நீங்கள் எந்தப் பாடநூலிலும் சந்தித்திருக்க மாட்டீர்கள். அவர் பெயரைச் சொல்பவை சில தங்க நாணயங்கள் மட்டுமே. 1713-இல் திரான்சில்வேனியாவில் கிடைத்தவையாக வியன்னா அரசச் சேகரிப்பின் குறிப்பு ஒன்று கூறும் தொகுதியைச் சேர்ந்தவை இவை எனக் கருதப்படுகிறது. 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு நாணய அறிஞர் கோஹன் இவற்றைப் போலி என ஒதுக்கினார். 2022-இல் பால் பியர்சன் குழுவினர், கிளாஸ்கோ ஹன்டேரியன் காட்சிசாலையிலுள்ள நாணயத்தை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அசலே என்றார்கள்.

ஆராய்ச்சி நேர்த்தியானதுதான். கீறல்கள் புழக்கத்தில் விழுந்தவை போலிருக்கின்றன. மண் துகள்கள் சிலிக்காவால் இறுகிப் பிடித்திருக்கின்றன. ஆகவே நாணயம் நெடுங்காலம் புதைந்து கிடந்தது என்கிறார்கள். நெடுங்காலம் என்றால் எவ்வளவு? தேய்மானமும் மண்ணும் ஆண்டைச் சொல்வதில்லையே! மேலும் இது ரோமானியர் வழக்கப்படி அச்சில் அடிக்கப்படாமல், வார்க்கப்பட்டது. பின்புறச் சித்திரமோ, ஏறக்குறைய 400 ஆண்டு முந்திய வெள்ளிக் காசின் நகல். கி.பி. 260-களில் ரோமிலிருந்து துண்டிக்கப்பட்ட டேசியாவில் ஒரு தளபதி அவசரத்துக்கு வார்த்தது என்பது ஆய்வாளர் விளக்கம். நடந்திருக்கலாம், ஆனால் அதை நுண்ணோக்கி காட்டவில்லை.

எந்த நிலத்தில், எந்த ஆழத்தில், வேறு எவற்றோடு கிடைத்தது? அக்காலச் சேகரிப்பாளர் எழுதி வைக்கவில்லை. தங்கத்தை வைத்துக்கொண்டு மண்ணை உதறிவிட்டார்கள். மிஞ்சிய துகள்களைத் திரான்சில்வேனிய மண்ணோடு ஒப்பிட்டால் ஊர் புலப்படலாம். ஆண்டு அப்போதும் புலப்படாது.