ஏற்கும் கை: இரட்சணிய யாத்திரிகக் கதையில் இடுக்கண் கால நட்பு

சென்னைக் கடற்கரையில் நொச்சிக்குப்பத்தினின்று தெற்கு நோக்கிச் சிறிது தொலைவு நடப்போர் சாந்தோமை அடைவர். மயிலாப்பூரைச் சார்ந்த அவ்விடத்துத் தூய தோமா ஆலயத்தில் 1858ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் நெல்லை நாட்டுப் புலவர் ஒருவர் திருமுழுக்குப் பெற்று, ஹென்றி ஆல்பிரட் என்னும் பெயரை ஏற்றார். 1827இல் கரையிருப்பில் வைணவ வேளாளர் குடியில் தோன்றிச் சாயர்புரத்தில் தமிழாசிரியராய் விளங்கிய கிருஷ்ண பிள்ளையே அவர். அவர்தம் இளவல் முத்தையா பிள்ளை முன்னரே கிறித்தவ நெறி தழுவியிருந்தார். கிருஷ்ண பிள்ளை இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894இல் நூலுருப் பெற்றது. ஜான் பனியன் 1678இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட பயணக் கதையைத் தழுவி, கம்பர் காட்டிய காப்பிய நெறியில், மூவாயிரத்து எழுநூற்றுக்கும் மேற்பட்ட செய்யுட்களால் அமைந்தது அந்நூல்.

அழிவுக்குரிய ஊரை விட்டு நீங்கி, முத்தி நகரை நாடிச் செல்லும் ஓர் ஆன்மாவின் தனிப்பயணமே இக்கதையின் பொருள் என்று கொள்ளுதல் இயல்பு. மனைவியும் மக்களும் அழைக்கவும் செவியை மூடிக்கொண்டு ஓடுகின்றான் பயணி. முதுகிற் கிடக்கும் சுமையும் அவனுடையதே. ஆயினும் கதையை ஊன்றி நோக்குவார்க்கு வேறோர் உண்மை புலனாகும். இடர்ப்பட்ட இடங்கள் பலவற்றிலும் பயணி பிறர் கையைப் பற்றியே எழுகின்றான். ஆகவே, துணையை ஏற்றல் என்பது இக்கதையில் யாது பெறுமானம் உடையது என்பதே ஈண்டு ஆராயப்படும்.

நட்பைப் பற்றித் தமிழ்ச் சான்றோர் விரிவாகவே ஆய்ந்துள்ளனர். வள்ளுவர் நட்பு முதலாகக் கூடா நட்பு ஈறாக ஐந்து அதிகாரங்களை அமைத்தார். நழுவும் ஆடையைப் பற்ற விரையும் கையை நட்புக்கு அவர் உவமையாக்கியது யாவரும் அறிந்ததே. அவ்வுவமையில் நம் கருத்து உதவும் கையின் விரைவிலேயே தோய்கின்றது. உதவி பெறுபவன் உள்ளம் யாதாயிற்று என்பது வெளிப்படக் கூறப்படவில்லை. மற்றொரு புறம், இரந்து நிற்றலின் இழிவை அஞ்சும் மரபும் நம்மிடை வலிமை வாய்ந்தது. இரவச்சம் என ஓர் அதிகாரமே உண்டு. ஏற்றலை இகழ்ச்சி எனக் குழந்தைப் பருவத்திலேயே ஔவையார் வாக்கால் கற்கின்றோம். இவ்விரு மரபுகளுக்கும் இடையே, துன்புற்றவன் நண்பன் உதவியை நாணமின்றிப் பெறுதற்கு இடம் உண்டா?

உண்டு என்பதற்குப் புறநானூறு சான்று பகரும். வடக்கிருந்த கோப்பெருஞ்சோழன், தான் கண்டறியாத நண்பர் பிசிராந்தையார் தன் துன்பக் காலத்துத் தவறாது வருவார் என உறுதி கொண்டு, அவர்க்கென இடம் ஒழித்து வைக்கச் சொன்னான். நண்பனுக்கு இடம் ஒழித்து வைத்தலே ஏற்றலின் முதற்படி. எனினும் சோழன் பெருமை குன்றாத நிலையில் இருந்து நட்பை ஏற்றவன். தன் பிழையாலே வீழ்ந்தவன், தன்னால் இன்னலுற்ற நண்பனிடமே துணை பெறுதல் அதனினும் அரியது. அவ்வரிய நிலையைக் கிறித்தவக் கதைகள் பலகாலும் நாடுகின்றன.

விவிலியத்தில் இதற்கு எடுத்துக்காட்டுகள் பல. திமிர்வாதமுற்ற ஒருவனை நால்வர் சுமந்து, கூரையைப் பிரித்து இயேசுவின் முன் இறக்கினர் என மாற்கு உரைக்கின்றார். ஆண்டு அவர்தம் விசுவாசமே நோக்கப்பட்டது; கிடந்தவன் தன்னைச் சுமக்க இசைந்ததன்றி வேறொன்றும் செய்ததாகக் கூறப்படவில்லை. பேதுரு தன் கால்களைக் கழுவ இயேசுவுக்கு முதலில் இடங்கொடுக்க மறுத்தார். பணிவு போலத் தோன்றிய அம்மறுப்பு ஏற்கப்படவில்லை. இயேசுவும் கெத்செமனேயில் மூவரைத் தம்மோடு விழித்திருக்க வேண்டினார் என்பது நினைக்கத்தக்கது. வேண்டுதற்கு அவர் நாணவில்லை, உறங்கியவர் நண்பரே.

இனிப் பனியன் வகுத்த கதைப்போக்கைக் காண்போம். உண்மையுள்ள நண்பனை முந்தி ஓடிய பயணி, தன் முந்துதலை எண்ணிச் செருக்கொடு நகைக்கின்றான். உடனே இடறி வீழ்கின்றான். பின்வந்த அந்நண்பன் தூக்கினாலன்றி எழ இயலவில்லை. யாரை வென்றோம் என மகிழ்ந்தானோ அவன் கையே அவனுக்கு வேண்டியதாயிற்று. அந்நண்பன் பின்னர் மாயச் சந்தையில் உயிர் துறக்க, நம்பிக்கை என்பான் துணையாகின்றான். பயணி எளிய வழியென்று தவறான புல்வெளிப் பாதையிற் புக, அவனை நம்பி உடன் சென்றவனும் சிறைப்படுகின்றான். அச்சிறையில் உயிர்விடத் துணிந்த பயணியை, அவனால் இடருற்ற அந்நண்பனே தடுத்துத் தேற்றுகின்றான். பழிச்சொல் கூறி அவனை வாட்டினானல்லன்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. சிறையைத் திறக்கும் திறவுகோல் நண்பன் தந்ததன்று. பயணியின் மார்பிலேயே இருந்தது. அதனை அவன் நினைவு கூரும் வரை அவனை உயிரோடு வைத்திருந்ததே நண்பன் செய்த உதவி. இறுதியில் ஆற்றைக் கடக்கும்போதும் அமிழ்கின்ற பயணியின் தலையை நீருக்குமேல் தாங்கும் நண்பன், தன் கால் அடிநிலத்தைத் தொட்டமையைக் கூறித் தேற்றுகின்றான். ஆற்றைக் கடத்தல் பயணியின் கடனே. ஆழத்திலும் நிலம் உண்டு என்பதே நண்பன் சொல்லக்கூடியது. துணையை ஏற்றவன் தன் கடமையினின்று நீங்கினானல்லன் என்பது இதனாற் பெறப்படும்.

தமிழ் வடிவத்தில் இக்கருத்துக்குச் சொல்லாலும் வளம் சேர்ந்துள்ளது. கிருஷ்ண பிள்ளை தம் நூலின் ஐந்து பருவங்களுள் ஒன்றுக்கு நிதான பருவம் எனப் பெயரிட்டார். உண்மையுள்ள நண்பனுக்கு அவர் தந்த பெயர் நிதானி. தோழன் பண்பு காப்பியப் பகுப்பின் பெயரிலேயே ஒலிக்கக் காண்கின்றோம். நம்பிக்கை என்னும் சொல்லோ, வருங்காலத்தை எதிர்நோக்கும் உறுதியையும் ஒருவன்பால் வைக்கும் பற்றையும் ஒருங்கே குறிக்கும். ஆங்கிலம் இருசொல்லாற் கூறுவதைத் தமிழ் ஒரு சொல்லால் உணர்த்துகின்றது. நம்பத்தக்க நண்பனை இழந்தவன் எதிர்காலத்தையும் இழக்கின்றான் என்னும் பொருள் இதனால் தானே விளங்கும். எனினும், பண்பே பாத்திரமாகும் உருவகக் கதையில் நண்பன் சிற்சில இடங்களில் குருதியும் தசையும் உடைய மனிதனாகத் தோன்றாமல் கருத்தாகவே நின்றுவிடுதல் ஒரு குறையே.

எல்லா உதவியும் ஏற்கத்தக்கதோ எனின், அன்று. யோபுவின் நண்பர் ஏழு நாள் வாய்திறவாது உடனமர்ந்தபோது நண்பராயினர். பேசத் தொடங்கிக் குற்றம் சாட்டியபோது சுமையாயினர். பவுல், சபையார்க்குப் பாரமாகாதபடி கைத்தொழில் செய்து வாழ்ந்தவர். ஆயினும் பிலிப்பியர் எப்பாப்பிரோதீத்து வழி அனுப்பிய உதவியை மகிழ்வோடு பெற்றார். ஏற்றலும் உழைத்தலும் தம்முள் முரணில என்பதே இவற்றின் முடிவு.

நூற்கருத்து வாழ்வில் நிற்குமாற்றை நொச்சிக்குப்பத்திலும் காணலாம். கரையிலிருந்து படகைக் கடலிற் செலுத்தலும் மீண்டும் மணலில் ஏற்றலும் ஒருவர் கையால் ஆவன அல்ல. உதவி கேட்டல் ஆண்டு இழிவன்று. தொழிலின் இலக்கணமே அது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அக்கரையைத் தாக்கியபோது, கடலோரக் குப்பத்து மக்கள் பிறர் அளித்த உணவையும் உடையையும் ஏற்றனர். 2015 டிசம்பரில் நகரம் வெள்ளத்தில் மூழ்கியபோது, சென்னைக் கடலோரக் குப்பங்களின் மீனவர் பலர் தம் படகுகளைத் தெருக்களுக்குக் கொண்டுவந்து, சிக்கியோரை மீட்டனர். மாடிகளில் ஒதுங்கி நின்றோர் அன்று பற்றிய கை, வலையிழுத்துத் தழும்பேறிய கையாகும். அக்கையைப் பற்றத் தயங்கியவன் உயிர் பிழைத்தல் அரிது.

கிருஷ்ண பிள்ளையின் பயணிக்கு நூல் விதித்த பாடமும் இதுவே. சுமையைத் தனியே சுமப்பதாற் பெருமை வருவதாக அவன் எண்ணிய இடந்தோறும் வீழ்ந்தான். பிறன் கையைப் பற்றிய இடந்தோறும் எழுந்தான். எனவே இரட்சணிய யாத்திரிகத்தைத் தனிமனிதன் காப்பியம் என்பதினும், ஏற்கக் கற்றவன் காப்பியம் என்று போற்றுதலே பொருந்தும்.