மறுப்பு மாத்திரம் போதுமா?

இணையத்தளமொன்றைத் திறந்ததும், நாம் வேண்டாமலே அதன் நிரல்கள் நமது கணினியில் இயங்கத் தொடங்குகின்றன. அவற்றுட் பலவற்றைத் திருத்தவோ பகிரவோ நமக்கு உரிமையில்லை. இவ்வடிமைத்தனத்தை றிச்சட் ஸ்டோல்மன் 2009இல் ‘ஜாவாஸ்கிரிப்ட் பொறி’ என்னுங் கட்டுரையில் எடுத்துக்காட்டினார். அக்கருத்தைச் செயலாக்கக் க்னூ திட்டத்தார் ஆக்கிய ‘லிப்ரேஜேஎஸ்’ என்னும் உலாவி நீட்சி, அவ்வுரிமைகளை அறிவிக்காத நிரல்களை, மிக எளியவை நீங்கலாக, தடுத்துவிடுகின்றது.

கொள்கை போற்றத்தக்கதே. ஆயின், நிரல் தடைப்பட்டால் விண்ணப்பப் படிவமும் இயங்காது போகலாம். அப்படிவத்தையே நம்பி நிற்கும் ஏழைக்கு மறுக்கும் வசதி ஏது? தனிமனிதத் துறவு சமுதாய விடுதலையாகிவிடாது. தளத்தாரின் முகவரியைத் தேடித்தந்து முறைப்பாடு செய்யத் தூண்டும் அந்நீட்சியின் மற்றைய பணியே நமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது. பொதுப்பணத்தில் அமையும் தளங்களேனும் தம் நிரல்களை மக்களுக்கு உரிமையாக்க வேண்டும். தடுப்பவர் சிலர்; கேட்க வேண்டியவர் நாமனைவரும்.